செல்வி விழுந்த நேரம்

அன்பு மகள் கயலுக்கு,

வரும் புதன்கிழமை நீ பெங்களூருக்குக் கிளம்புகிறாய். கீழே கூடத்தில் உன் அம்மா உன் துணிகளை மடித்துப் பெட்டியில் வைப்பதும், போதாதென்று மறுபடி எடுத்து மடிப்பதுமாக இருக்கிறாள். நான் மாடி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிறவனைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரலாம். நேரில் சொல்லத்தான் நாலு நாளாக முயன்றேன். நேற்று நீ காப்பி கொண்டுவந்து வைத்தபோதுகூட வாயைத் திறந்தேன். "அங்க தண்ணி ஒத்துக்குதான்னு பாத்துக்க" என்று எதையோ சொல்லி முடித்துக்கொண்டேன். நீயும் "சரிப்பா" என்று இறங்கிப் போய்விட்டாய்.

விவசாயிகளிடம் தட்பவெப்பம் பற்றி எடுத்துச் சொல்லும் அந்த வேலையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் கம்பெனியில் சேரப் போவதாக நீ சொன்ன அன்று உன் அம்மா காரணம் கேட்டாள். "நான் சொன்னது தப்பா இருந்திருந்தாக்கூடப் பரவால்லம்மா. சரியா தப்பான்னு பாக்கவே யாருக்கும் இஷ்டமில்ல. எத்தனை நாள்தான் சுவத்துகிட்டப் பேசறது?" என்றாய். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். நீ சொன்னது சரியா தப்பா என்று பார்த்த ஆள் ஒருத்தன் இருக்கிறான் கயல். பார்த்தவன், பார்த்ததை மறைத்தவன். அது நான்தான்.

முதலில் என் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், காவிரி வறண்டு இந்தப் பக்கமெல்லாம் பாலைவனமாகிவிடும் என்று ஒரு பத்திரிகையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். நான் உண்மையாகவே பயந்தேன். ஜீயபுரத்து வயலை விற்றுவிடலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். சில வருடம் போனது. ஒரு ஆடியில் கொள்ளிடம் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போனது. பாலத்தின் மேல் கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. உன்னையும் வண்டியில் வைத்துக் கூட்டிப்போனேன், ஞாபகமிருக்கிறதா? "இந்தப் பாலைவனத்துல பரிசல்தான் விடணும்" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் எனக்கு அந்த ருசி பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். பயமுறுத்துகிறவனைவிடச் சிரிக்க வைக்கிறவனை ஊருக்குப் பிடிக்கும். பயந்துபோயிருக்கிற கூட்டத்துக்கு இன்னும் பிடிக்கும்.

அப்புறம் நீயே படித்து, நீயே அந்த வேலைக்குப் போனாய். நான் பெருமைப்படவில்லை என்று நினைக்காதே. பாலக்கரையில் பழைய நண்பர்களைப் பார்த்தால் முதலில் உன் வேலையைத்தான் சொல்வேன். ஆனால் அந்தக் கார்த்திகைப் புயல் வந்தது. வரவில்லை என்பதுதான் சங்கதி. மூன்று நாளில் காற்று நம் பக்கம் திரும்பும், முற்றிய வாழைத்தாரையெல்லாம் வெட்டிவிடுங்கள் என்று நீ போன் செய்தாய். நான் வெட்டினேன். மகள் சொன்னாள் என்று அக்கம்பக்கத்தில் நான் சொல்ல, அவர்களும் வெட்டினார்கள். முக்கால் விளைச்சல்கூட ஆகாத தார்களையும் பயத்தில் சேர்த்து வெட்டிவிட்டோம். புயல் கடலிலேயே வலுவிழந்துபோனது. நமக்கு ஒரு தூறல் விழுந்தது, அவ்வளவுதான். வெட்டிய தார்கள் களத்தில் குவிந்து கறுத்தன. என்னைப் பார்த்து யாரும் திட்டவில்லை. பக்கத்து வயல் கோபால் மட்டும் தினமும் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பான்.

உன்மேல் எனக்கு ஒரு குறை உண்டென்றால் அது இந்த இடத்தில்தான். புயல் ஏன் கடலிலேயே அடங்கியது, உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது, எவ்வளவு தெரியாமல் இருந்தது என்று நீயோ உன் ஆபீஸோ வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் முகத்தில் விழிக்க உனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். எந்த வேலைக்குப் போனாலும் இதை மட்டும் மறக்காதே. சொன்னது பலித்த நாளில் வராவிட்டாலும் பரவாயில்லை, பலிக்காத நாளில் வந்து நில். ஊர் உன்னை நம்புவதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

ஆனால் நான் செய்ததற்கு உன் குறை சமாதானம் ஆகாது. அடுத்த தை மாதம் ஜீயபுரத்துக் கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் கூட்டத்துக்கு நீ வந்தாய். திரையில் நம் மாவட்டப் படத்தைப் போட்டு, இன்னும் முப்பது வருடத்தில் கோடை எப்படி இருக்கும், எத்தனை நாள் வெளியே வேலை செய்ய முடியாமல் போகும் என்று பொறுமையாகச் சொன்னாய். புயலைக் கணிப்பது வேறு, பருவம் மாறுவதைக் கணிப்பது வேறு என்றும் சொன்னாய். எனக்கு அது புரிந்தது கயல். புரியாத மாதிரிதான் எழுந்து நின்றேன்.

"பாப்பா, முப்பது வருஷம் கழிச்சு வர்ற வெயில இவ்வளவு கரெக்டா சொல்றியே, மூணு நாள்ல வரும்னு சொன்ன புயல் எங்க? இன்னும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸுக்கு நிக்குதா?"

மண்டபம் அதிர்ந்தது. கோபால் சிரித்து நாற்காலியில் சரிந்தான். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஐந்து வயதில் கீழே விழுந்துவிட்டு, யாரும் பார்க்கக்கூடாதே என்று சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு அது. அதற்குப் பிறகு நீ காட்டிய படங்களை யாரும் பார்க்கவில்லை. டீ வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "சபையில வச்சுப் பெத்த பொண்ணையே நக்கலடிச்சீங்களாமே, நல்லாருக்கா இது?" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்றேன். விளையாட்டு இல்லை. கார்த்திகையில் போன என் மானத்தை உன்னைக் கொண்டே மீட்டுக்கொண்டேன்.

அந்தச் சித்திரையில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். அதுவும் நான் சொன்ன பாதி.

காலை ஏழு மணிக்கு நீ போன் செய்தாய். நான் வயலுக்குக் கிளம்பிக் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தேன், வண்டியை ஓரங்கட்டிப் பேசினேன். "அப்பா, இன்னிக்கும் நாளைக்கும் பதினோரு மணிக்கு மேல யாரையும் வயல்ல விடாதீங்க. வெயில் மட்டும் இல்ல, காத்துல ஈரமும் இருக்கு. வேர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. சொன்னாக் கேளுங்கப்பா" என்றாய். "சரிம்மா, சரி" என்றேன். கடைசி வார்த்தையில் உன் குரல் கெஞ்சியது எனக்குக் கேட்கத்தான் செய்தது.

புதிதாகக் கன்று நட்டிருந்த மேட்டு வயலில் அன்றைக்குக் களை வெட்டு. வளர்ந்த தோட்டமென்றால் நிழல் இருக்கும். அங்கே முழங்கால் உயரத்துக்குக் கன்றுதான், ஒதுங்க இடமில்லை. மறுநாள் உரம் வைக்க ஆள் சொல்லியிருந்தேன், அதற்குள் களை முடிந்தாக வேண்டும். மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். இரண்டு பேர் வெளியூர். மூன்றாவது ஆள் செல்வி. அவளை உனக்கு நன்றாகத் தெரியும். நீ லீவுக்கு வயலுக்கு வந்தால் இளநீர் சீவச் சொல்லி என்னை விரட்டுவாளே, அவள்தான். அவள் வீட்டுக்காரர் ரெங்கராஜ் மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார்.

பத்து மணிக்கு டீ கொடுத்தபோது, நீ சொன்னதையே நான் ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். பதினோரு மணிக்கு மேல் வெயில் வரப்போகிறதாம், மேலிடத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது என்றேன். வெளியூர்ப் பெண்கள் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை.

"பாப்பாவா சொல்லுச்சு? எனக்குக் காலைலேருந்தே தலை பாரமாத்தான் இருக்குண்ணே. அப்ப பதினோரு மணிக்கு வயல விட்டுக் கரையேறிரலாமா? மிச்சத்த நாளைக்கு வெள்ளனே வந்து முடிச்சுத் தந்துர்றோம்."

"அது முப்பது வருஷம் கழிச்சு வர்ற வெயில் செல்வி. நீ இன்னிக்கு வெயில்ல வேலையப் பாரு."

இதைத்தான் சொன்னேன். ஒரு எழுத்துக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லாமல் எழுதியிருக்கிறேன். அவளும் அப்போது சிரித்தாள். முதலாளி சொன்ன வேடிக்கைக்குச் சிரிக்காமல் என்ன செய்வாள்?

நான் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்கு மேல் எழுந்து போய்ப் பார்த்தபோது, செல்வி களையை விட்டுவிட்டு வாழைக்கன்றுகளை வெட்டிக்கொண்டிருந்தாள். வரிசையாக நாலைந்து கன்றுகள் சாய்ந்து கிடந்தன. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏய் செல்வி, கண்ணு எங்க இருக்கு? எதை வெட்டற?" என்று கத்தினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. அடுத்த கன்றைக் குனிந்து பிடித்தவள் அப்படியே முன்னால் சரிந்தாள். அப்போது மணி ஒன்று இருபது. மோட்டாரை நிறுத்த வேண்டிய நேரம் என்று அதற்குச் சற்று முன்புதான் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன்.

தூக்கிக்கொண்டுபோய் மோட்டார் தண்ணீரில் நனைத்தோம். ஆம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ரெங்கராஜ் மில்லிலிருந்து நேராக வந்து சேர்ந்தார், தலையிலும் தோளிலும் தவிட்டோடு. டாக்டர் என்னைத்தான் கேட்டார், எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தார்கள் என்று. ரெங்கராஜ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து மணிக்கே மயக்கமா வருதுன்னு நிழல்ல வந்து உக்காந்துட்டாங்க. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்னு விட்டுட்டோம். பிரஷர் இருக்கும்போல" என்றேன். அந்தப் பொய்யை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் திறந்ததும் தயாராக இருந்தது. மறுநாள் காலையில் செல்வி போய்விட்டாள். வெளியூர்ப் பெண்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அவர்கள் என்னை மாதிரி ஆட்களிடம்தானே மறுநாளும் வேலைக்கு வர வேண்டும்?

துக்கத்துக்கு நீ வந்தாய். எல்லோரும் சுடுகாட்டுக்குப் போயிருந்தபோது, போகாமல் நின்ற என்னைத் தனியே அழைத்து, "அப்பா, எத்தனை மணிக்கு விழுந்தாங்க?" என்று கேட்டாய். உனக்கும் பத்து மணி என்றேன். "பதினோரு மணிக்கு மேல வேலை செய்யலையே?" என்றாய். இல்லை என்றேன். உன் குறிப்பு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாய். அப்பா பொய் சொல்லமாட்டார் என்று நம்பி எழுதினாய்.

அந்தப் பொய் என்ன செய்தது என்பதை ஐப்பசிக் கூட்டத்தில்தான் பார்த்தேன். கோபால் எழுந்து, "வெயில் ஆளக் கொல்லுது, கொல்லுதுங்கறீங்களே, நம்ம ஊர்ல வெயில்ல செத்தவங்க ஒருத்தரச் சொல்லுங்க பாப்போம்" என்றான். நீ நோட்டைப் புரட்டினாய். "இந்த ஊர்ல என் குறிப்புப்படி யாரும் இல்லீங்க" என்று உள்ளது உள்ளபடி சொன்னாய். வேறொருத்தராக இருந்தால் செல்வி பெயரைச் சந்தேகத்தோடாவது இழுத்திருப்பார்கள். நீ இழுக்கவில்லை. "அப்பறம் என்னத்துக்குப் பயமுறுத்தறீங்க?" என்று கோபால் உட்கார்ந்தான். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆதாரம் இல்லை, ஆதாரம் இல்லை என்று ஊர் முழுக்கப் பேசுகிறோமே, ஆதாரம் எப்படி இல்லாமல் போகிறது என்று எனக்குத் தெரியும். எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. என் வயலில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். சந்தேகப்படுவது தப்பென்றும் நான் இப்போதும் நினைக்கவில்லை. உன் முப்பது வருடக் கணக்கில் எனக்குச் சந்தேகம் இன்னும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்று காலை நான் உன்னைச் சந்தேகப்பட்டேன். மறுநாளே உரம் வைத்தாக வேண்டும் என்ற என் அவசரத்தை ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை. எனக்குத் தோதான பக்கத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கேள்வி கேட்டவன் நான். அதற்குச் சந்தேகம் என்று பெயர் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ரெங்கராஜ் வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வாசலில் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நான் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீ போன் செய்தது, செல்வி கேட்டது, நான் சொன்ன வேடிக்கை, ஒன்று இருபது, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்காகப் போட்ட கட்டிலில் அவரே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்குக் காலைல தல வலிக்குது, வேலைக்குப் போவலன்னுதாண்ணே சொன்னா. நாந்தான், வர்றேன்னு சொல்லிட்டுப் போவாம இருந்தா நல்லாருக்காது, போய்ட்டு வான்னு அனுப்பி வச்சேன். பத்து மணிக்கே மயக்கம்னு நீங்க சொன்னீங்கல்ல... அப்ப வீட்டுலேருந்து போவும்போதே அவளுக்கு முடியாம இருந்துருக்கு, பாக்காம வெரட்டி வுட்டுட்டோம், நாமதான் கொன்னுட்டோம்னு இந்த ஒரு வருஷமா..."

கயல், நான் மறைத்தது என் பங்கை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்தப் பங்கை இன்னொரு மனிதர் தன்னுடையது என்று நினைத்து ஒரு வருடமாகச் சுமந்துகொண்டிருந்தார். கட்டிலை விட்டு எழுந்து, "நீங்க போங்க. எனக்கு இப்ப உங்களப் பாக்க முடியல" என்றார். வந்துவிட்டேன். மன்னிப்பு கேட்டேனா என்றுகூட எனக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை விவசாயிகள் சங்கத்துச் செயலாளரைப் பார்த்து, அடுத்த கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "போன ஆளு போயாச்சு. இப்ப எதுக்கு இதக் கெளர்றீங்க? நாளைக்கு வேலைக்கு ஆள் வரமாட்டேம்பாங்க" என்றார். கோபாலும் கூட இருந்தான். மகள் பாசம் என்று சிரித்தான். நான் அந்தக் கூட்டத்தில் பேசத்தான் போகிறேன். கேட்பார்களா என்று தெரியவில்லை. சிரிக்க வைத்தே பழகிய வாய் இது. நான் எழுந்து நின்றாலே சிரிக்கத் தயாராக இருப்பார்கள். நம் வயலில் மட்டும் இந்தச் சித்திரையிலிருந்து விடிந்ததும் வேலை, பதினோரு மணிக்குக் கரையேறிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. நடக்கட்டும்.

உன் நோட்டில் பத்து மணி என்று இருப்பதை அடித்துவிட்டு ஒன்று இருபது என்று எழுது. யார் சொன்னது என்ற இடத்தில் என் பெயரைப் போடு. ஆபீஸை விட்டாலும் அதை உரியவர்களிடம் சேர்த்துவிடு. டாக்டரிடம் நானே போய்ச் சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு நீ பெங்களூருக்குப் போகாமல் நிற்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. போ. களைத்துப்போன பிள்ளையை, என் தப்பைச் சரிசெய்ய இரு என்று பிடித்து நிறுத்த எனக்கு உரிமை கிடையாது. சுவரிடம் பேசினோம் என்ற நினைப்போடு மட்டும் போகாதே. செல்வி நீ சொன்னதைக் கேட்டாள். கேட்டு, நம்பி, என்னிடம் வந்து அனுமதி கேட்டாள். நடுவில் நின்றவன் நான்.

இந்த வீட்டில் இனி உன் முகத்தைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கும். நீ பேசாமல் போனாலும் புரிந்துகொள்வேன். எப்போதாவது போன் செய்யத் தோன்றினால் செய். வண்டியை ஓரங்கட்டி, நீ சொல்வதை முதலில் முழுசாகக் கேட்பேன். அதில் எனக்குச் சந்தேகம் இருந்தால் உன்னிடமே கேட்பேன், ஊரிடம் போய்ச் சொல்லமாட்டேன். இந்த வயதில் என்னால் அவ்வளவுதான் மாற முடிந்திருக்கிறது, கண்ணு.

உன் அப்பா